வெள்ளையாக விட்ட வட்டங்கள்

மூன்றாம் வகுப்பு இரண்டாம் பிரிவுக்கு முட்டை. ஒரு பிள்ளைக்கு, இரண்டு பிள்ளைக்கு என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். வகுப்பு மொத்தத்துக்கும் வரிசையாக முட்டை. பொதுத் திறன் தேர்வின் முடிவைக் கணினியில் திறந்த தலைமையாசிரியை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பாவம், கண்ணாடி என்ன செய்யும்? முட்டை முட்டையாகவேதான் இருந்தது.

"ஏன் டீச்சரைக் கூப்பிடுங்க" என்றார் எழுத்தரிடம்.

அது அந்த ஆசிரியையின் பெயர் இல்லை, பிள்ளைகள் வைத்தது. யார் என்ன விடை சொன்னாலும், சரியோ தப்போ, அவள் வாயிலிருந்து அடுத்து வருவது "ஏன்?" தான். ஐந்தும் மூன்றும் எட்டு என்றால் ஏன். மீனுக்குக் கால் இல்லை என்றால் ஏன். கழிப்பறைக்குப் போகணும் என்று கேட்ட பையனிடமும் பழக்க தோஷத்தில் "ஏன்?" என்று கேட்டுவிட்டாள் என்று ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுத்ததும் இல்லை. அந்தப் பெயர் வகுப்பிலிருந்து ஆசிரியர் அறைக்குப் போய், கடைசியில் தலைமையாசிரியையின் வாயிலும் உட்கார்ந்துவிட்டது.

விரலெல்லாம் மார்க்கர் மையோடு அவள் வந்து நின்றாள். தலைமையாசிரியை திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"மெஷின்ல ஏதோ கோளாறு மேடம்."

"அதே மெஷின்தான் பக்கத்து வகுப்புக்கு மார்க்கை அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கு. உங்க வகுப்பு மேல மட்டும் அதுக்கு என்ன கோபம்?"

அவளுக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவளுடைய பிள்ளைகள் அவள் கையை விட்டுப் போகப்போகிறார்கள்.

விஷயம் இதுதான். ஆண்டின் தொடக்கத்திலேயே அவள் தலைமையாசிரியையிடம் கேட்டிருந்தாள்: நாலாம் வகுப்புக்கும் நானே இந்தப் பிள்ளைகளோடு போகிறேன், இவர்களைப் பாதியில் விட மனசில்லை. தலைமையாசிரியை யோசித்துவிட்டு, எல்லா ஆசிரியர்களும் இருந்த கூட்டத்திலேயே நிபந்தனையைச் சொல்லிவிட்டார். திறன் தேர்வில் இந்த வகுப்பு எல்லாப் பள்ளிகளின் சராசரியைத் தொட்டால் தாராளமாகப் போகலாம். தொடாவிட்டால் இரண்டு பிரிவுக்கும் ஆசிரியர் மாற்றம். அவள் பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பு சார் எடுத்துக்கொள்வார், சாருடைய பிள்ளைகளை அவள் எடுக்க வேண்டும். சார் கையில் போன வகுப்பு மார்க்கில் சோடை போனதாகச் சரித்திரமே இல்லை. அவள் வகுப்போ போன தடவை நடந்த சின்னத் தேர்வில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது. நியாயமான நிபந்தனைதான். அதனால்தான் அவளால் சண்டை போடவும் முடியவில்லை.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை" என்றார் தலைமையாசிரியை. அவர் பழைய கணக்கு ஆசிரியை. கோபத்திலும் கணக்கு அவரை விடாது. "கண்ணை மூடிக்கிட்டு வட்டத்தை நிரப்பினாக்கூட நாலுல ஒண்ணு தானா சரியா விழும். வகுப்பு மொத்தமும் முட்டை வாங்கணும்னா அதுக்குத் தனித் திறமை வேணும். விடைத்தாளை எல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கேன். வந்ததும் சேர்ந்து பார்ப்போம்."

அந்தத் தேர்வு எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பொது. ஒரே நாள், ஒரே கேள்வித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை, நாலு வட்டம். சரியான விடைக்கு உரிய வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும், இயந்திரம் திருத்திவிடும். மூன்றாம் வகுப்பில்தான் பிள்ளைகள் அந்தத் தாளை முதன்முதலாகக் கண்ணால் பார்ப்பார்கள். அன்றைக்கு வகுப்பாசிரியர் உள்ளே இருக்கக் கூடாது. பக்கத்து வகுப்பு சார்தான் அவள் பிள்ளைகளுக்குக் காவல் இருந்தார்.

விடைத்தாள் கட்டு வந்து சேர்ந்தது. தலைமையாசிரியையின் மேசையில் வைத்து நூலை அவிழ்த்தார்கள். மேலே இருந்த தாளைப் பார்த்ததும் தலைமையாசிரியையின் புருவம் ஏறியது. தாள் முழுக்க ஒரே கறுப்பு. ஒரு கேள்விக்கு மூன்று மூன்று வட்டங்களை அழகாக, கோட்டுக்கு வெளியே ஒரு பொட்டுக்கூடப் போகாமல் கறுப்பாக்கி வைத்திருந்தது ஒரு பிள்ளை. அடுத்த தாளும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான்.

"என்ன டீச்சர் இது, கூத்து?"

ஏன் டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கரி பூசியிருக்காங்க மேடம்."

"என்னது?"

அது அவள் வகுப்பு விளையாட்டு. வெள்ளைப் பலகையில் கேள்வியை எழுதி, கீழே நாலு வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு விடையை எழுதுவாள். சரியானதை யாரும் தொடக் கூடாது. ஒரு பிள்ளை எழுந்து வந்து, இது தப்பு, இன்ன காரணத்தால் தப்பு என்று சொல்ல வேண்டும். காரணம் நின்றால், கறுப்பு மார்க்கரை வாங்கி அந்த விடையின் முகத்தில் கரி பூசலாம். காரணம் சொல்ல முடியாவிட்டால் மார்க்கர் கிடையாது, போய் உட்கார வேண்டியதுதான். இப்படி ஒவ்வொன்றாக விரட்டிய பிறகு வெள்ளையாக எது மிஞ்சுகிறதோ அதுதான் விடை. கரி பூசும் யோகத்துக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். ஆண்டு முழுக்க இந்தக் கூத்துதான்.

"சரி, அது விளையாட்டு. தேர்வுல எப்படி எழுதணும்னு நீங்க சொல்லலையா?"

"சொன்னேன் மேடம்" என்றாள் அவள். "முந்தின நாள் பிள்ளைங்க ரொம்பப் பயந்து போயிருந்தாங்க. ஒண்ணும் பயப்படாதீங்க, வகுப்புல தினமும் எப்படிச் செய்யறோமோ அப்படியே செய்யுங்கன்னு சொன்னேன்."

தலைமையாசிரியை நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பக்கத்து வகுப்பு சாருக்கு ஆள் போனது. மடிப்புக் கலையாத சட்டையும் சீவிய பென்சிலும்போல எப்போதும் கச்சிதமாக இருக்கும் மனிதர், தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"வக்கீல் எழுந்து கேட்டான் மேடம்" என்றார். வக்கீல் என்பது அந்த வகுப்பில் இருக்கும் எட்டு வயது வாயாடிக்குப் பட்டப்பெயர். "எங்க டீச்சர் சொன்ன மாதிரிதானே கறுப்பாக்கணும் சார்னு கேட்டான். நான் ஆமாம் ஆமாம், பேசாம எழுதுன்னு சொல்லிட்டேன். இப்படி ஒரு வில்லங்கம் இருக்கும்னு கனவா கண்டேன்?"

தலைமையாசிரியையின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று இருவரும் பதறினார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளியில் யாரும் காணாத காட்சி அது.

சிரித்து முடித்துத் தேர்வு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அந்தப் பக்கத்துக் குரலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கேள்விக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான் அம்மா எங்களுக்குத் தெரியும் என்றது. கெஞ்சிக் கூத்தாடி, மறுதேர்வு ஒன்றுக்கு அனுமதி வாங்குவதற்குள் தலைமையாசிரியைக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"மறுதேர்வு மார்க்குதான் கணக்கு" என்றார், தொலைபேசியை வைத்துவிட்டு. "நான் சொன்ன நிபந்தனையும் அப்படியே இருக்கு. சொல்லிட்டேன்."

அந்த விடைத்தாள் கட்டை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவள் கணவன் மின்தூக்கி பழுது பார்ப்பவன். அன்று வேலை சீக்கிரம் முடிந்து வந்திருந்தான். சாப்பாட்டு மேசை முழுக்கத் தாளாகப் பரப்பியிருந்ததைப் பார்த்து, தேநீர்க் குவளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"தப்பைக் கண்டுபிடிக்கறதுல உன் பிள்ளைங்க உன்னையே மிஞ்சிடுவாங்க போலிருக்கு. நல்லவேளை, நம்ம வீட்டுக்கு யாரும் வரலை."

"சும்மா இருங்க, நானே நொந்து போயிருக்கேன்."

அவன் ஒரு தாளை எடுத்துப் பார்த்தான். "இங்க பாரு, இதுல ரெண்டு வட்டம் வெள்ளையா இருக்கே. பூச மறந்துட்டாளா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். பிள்ளைகள் முணுமுணு என்று கூப்பிடும் பெண்ணின் தாள். ஆண்டு முழுக்க அந்தப் பெண் சட்டைக் காலருக்குள்தான் பேசியிருக்கிறாள். எழுப்பி நிறுத்திக் கேட்டால் உதடு அசையும், சத்தம் வராது. பலகைக்கு வரவே மாட்டாள். அவளுக்கு எதுவும் ஏறவில்லை, என் கையாலாகாத்தனம்தான் என்று டீச்சர் எத்தனையோ நாள் மனசுக்குள் புழுங்கியிருக்கிறாள்.

அந்தத் தாளில் கூட்டல், கழித்தல், வாசித்துப் புரிந்துகொள்வது, எல்லாவற்றிலும் மூன்று கறுப்பு, ஒரு வெள்ளை. வெள்ளையாக விட்டது ஒவ்வொன்றும் சரி. கடிகாரத்தில் மணி பார்க்கும் கேள்விகளில் மட்டும் இரண்டிரண்டு வெள்ளை.

"மறக்கலைங்க" என்றாள் அவள் மெதுவாக. "காரணம் தெரியாம கரி பூசக் கூடாதுன்னு வகுப்புல சட்டம். இந்த ரெண்டுல எது தப்புன்னு அவளுக்குத் தெரியலை. அதனால ரெண்டையும் விட்டுட்டா. மத்த எல்லாம் இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. பெரிய முள், சின்ன முள் மட்டும்தான் குழப்பம். இவ்வளவு நாள் பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சே."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷமா வெட்கமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கணவன் குவளையைத் தரையில் வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்து நீட்டினான்.

அதற்குப் பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு தாளும் ஒரு பிள்ளை மனசு திறந்து பேசுவதுபோல இருந்தது. வக்கீலுக்குக் கணக்கில் ஒரு சந்தேகமும் கிடையாது, ஆனால் நீளமான பத்தியைக் கண்டால் பாதியிலேயே பொறுமை போய்விடுகிறது. கடைசிக் கேள்விகளில் நாலு வட்டத்தையும் வெள்ளையாகவே விட்டுவிட்டான், ஒன்றுக்கும் காரணம் தெரியாது என்று. இன்னொருத்தி எல்லாவற்றுக்கும் சட்டென்று கரி பூசியிருந்தாள், சரியான விடைக்கும் சேர்த்து. அந்தப் பெண்ணுக்கு அவசரம்தான் வியாதி. இத்தனை தேர்வு வைத்துத் திருத்திய ஆயுசில், தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு பளிச்சென்று சொல்லும் தாளை அவள் கண்டதில்லை.

மறுநாளே வகுப்பில் வேலை தொடங்கியது. முணுமுணுவைப் பக்கத்தில் உட்காரவைத்து அட்டைக் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பிக் காட்டினாள். காலருக்குள் கேட்ட கேள்வியைக் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். வக்கீலுக்குத் துண்டு துண்டாகக் கதை வெட்டிக் கொடுத்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது, மறுதேர்வு பற்றிச் சொல்ல வேண்டிய நாள் வரும்வரை.

"இந்தத் தடவை தலைகீழா செய்யணும்" என்றாள் டீச்சர். "சரியான விடையைத்தான் கறுப்பாக்கணும். தப்பானதை எல்லாம் அப்படியே விட்டுடணும்."

வகுப்பே கொதித்தது.

"சரியான விடைக்கா கரி பூசறது? அது என்ன பாவம் பண்ணுச்சு டீச்சர்?" என்றான் வக்கீல். "தப்புப் பண்ணினவங்க எல்லாம் வெள்ளையும் சொள்ளையுமா உட்கார்ந்திருப்பாங்களா?"

"அந்த மெஷினுக்கு அப்படித்தான்டா புரியும். அதுக்குக் கொஞ்சம் புத்தி மட்டு. நாமதான் அனுசரிச்சுப் போகணும்."

மெஷினுக்குப் புத்தி மட்டு என்றதும் பிள்ளைகள் சமாதானமானார்கள். பாவம், அதற்காக ஒரு நாள் மாற்றிச் செய்யலாம் என்று பெரிய மனசு பண்ணினார்கள். ஆனால் வக்கீல் விடவில்லை.

"ரெண்டுல எதுன்னு தெரியலைன்னா?"

"ஏதாவது ஒண்ணைக் கறுப்பாக்கிட்டு மேல போயிடு."

"காரணம் இல்லாமலா டீச்சர்?"

ஆண்டு முழுக்க அவள் சொல்லிக்கொடுத்ததற்கு நேர் எதிராக அவள் வாயே பேசியிருக்கிறது. "இந்த ஒரு நாளைக்கு மட்டும்டா" என்று சமாளித்தாள். அவன் நம்பவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுதேர்வு நடந்தது. முடிவும் வந்தது. முட்டை எல்லாம் போய் மார்க்கு வந்திருந்தது, மானம் காப்பாற்றும் அளவுக்கு. முணுமுணு வகுப்பிலேயே முதலாவதாக வந்திருந்தாள். ஆனால் மொத்தத்தில் சராசரிக்கு மயிரிழை கீழே. கேள்விக்கு இரண்டு வெள்ளை விடும் பிள்ளைகள், ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் நிரப்பிவிட்டு வந்திருந்தார்கள். சில பேர் அதற்கும் மனசு வராமல் காலியாக விட்டிருந்தார்கள்.

மயிரிழையானாலும் கீழே என்றால் கீழேதான். தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு டீச்சர். ஆனா எல்லார் முன்னாடியும் சொன்ன வார்த்தை. உங்களுக்காக வளைச்சா நாளைக்கு ஒவ்வொருத்தரும் வந்து நிப்பாங்க. சாயந்திரம் நீங்களும் சாரும் என் அறைக்கு வாங்க. பிள்ளைங்களைப் பத்திச் சொல்ல வேண்டியதை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிடுங்க."

அன்று மதியம் அவள் வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவோம் என்று பயம். படம் வரையச் சொல்லிவிட்டு, மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை பள்ளி விட்டதும் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சார் பேனாவும் வெள்ளைத்தாளுமாகத் தயாராக வந்திருந்தார். அவள் வெறுங்கையோடு வந்தாள்.

"நம்ம வக்கீலைப் பேச விடுங்க சார். அடக்கினா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். நீளமா வாசிக்கத்தான் வராது, ரெண்டு ரெண்டு வரியா கொடுத்தா படிச்சிடுவான். முணுமுணுகிட்ட எல்லார் முன்னாடியும் கேள்வி கேட்காதீங்க, பக்கத்துல போய்க் குனிஞ்சு நில்லுங்க. மணி பார்க்க இப்பத்தான் பிடிபட்டிருக்கு, ஆனா கால் மணி, முக்கால் மணின்னா இன்னும் கொஞ்சம் தடுமாறுவா. ஜன்னல் ஓரத்துல உட்காருற பையன் கழித்தல்ல கடன் வாங்காமலே விட்டுடுவான். கவனம் இல்லாம இல்லை சார், அடுத்த வீட்டுக்காரன்கிட்ட வாங்கறது தப்புன்னு அவனுக்கு ஒரு எண்ணம். அதைச் சிரிக்காம எடுத்துச் சொல்லணும்..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு பிள்ளைகூட விட்டுப்போகவில்லை. எதைக் கண்டால் தயங்குவான், எந்த இடத்தில் ஊகிப்பாள், எதைத் தெரியாது என்று கூசாமல் சொல்வான், எதை மறைப்பாள், எல்லாம் வந்தது. முதல் சில பேருக்குக் குறிப்பு எடுத்த சார், எப்போது பேனாவை மூடி வைத்தார் என்று அவளே கவனிக்கவில்லை. தலைமையாசிரியை கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இப்ப உங்க பிள்ளைங்களைச் சொல்லுங்க சார். நான் கெட்டியாப் பிடிச்சுக்கறேன்."

சார் தொண்டையைச் செருமினார். "முதல் பெஞ்சுப் பையன்... எல்லாத்துலயும் முழு மார்க்கு. அவன் பக்கத்துல இருக்கறவளும் முழு மார்க்கு, கணக்குல மட்டும் ஒண்ணு குறைவு."

"அந்த ஒண்ணு ஏன் சார் குறைஞ்சது?"

சார் யோசித்தார்.

"தெரியாத கேள்வி வந்தா அந்தப் பையன் என்ன செய்வான்? அழுவானா, ஊகிப்பானா, பக்கத்துல பார்ப்பானா?"

சார் அதற்கும் யோசித்தார். அவருடைய கச்சிதமான முகம் மெல்ல மெல்லக் கலைந்தது.

"தெரியலை டீச்சர்" என்றார் கடைசியில். "நிஜமாவே எனக்குத் தெரியலை. வருஷம் பூரா மார்க்கு வாங்கிக் கொடுத்திருக்கேன். நீங்க உங்க பிள்ளைங்களைப் பத்திச் சொன்னதுல கால்வாசி என் பிள்ளைங்க ஒருத்தரைப் பத்திக்கூட என்னால சொல்ல முடியாது." தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். "மேடம், நான் மாத்திக்க மாட்டேன். எனக்கு என் பிள்ளைங்கதான் வேணும். அவங்க யாருன்னே தெரியாம எப்படி இன்னொருத்தர் கையில கொடுக்கறது? இன்னொரு வருஷம் கொடுங்க, தெரிஞ்சுக்கறேன்."

யாரும் எதிர்பார்க்காத பேச்சு அது. ஏன் டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு மனிதர் இருந்திருக்கிறாரே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு இருக்கிறதே, அது வேறு கதை.

"நான் சொன்ன வார்த்தை மாறலை. சராசரியைத் தொடலைன்னா ரெண்டு பேரும் இடம் மாத்திக்கணும்னுதான் சொன்னேன். ஆனா ஒருத்தர் மாட்டேன்னு அடம் பிடிச்சா நான் என்ன செய்ய? நாலாம் வகுப்புக்கு நானா போய் நிக்க முடியும்? இருக்கறபடியே போங்க. போய்த் தொலைங்க ரெண்டு பேரும்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை இல்லை, கண்ணை.

ஏன் டீச்சருக்குச் சாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது. அதெல்லாம் அதிகம் என்று, "நாளைக்கு உங்க வகுப்பு விடைத்தாளைக் கொண்டு வாங்க சார், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்" என்று மட்டும் சொன்னாள்.

"கட்டாயம்" என்றார் சார். "எனக்கு முதல்ல அந்த ஒரு மார்க்கு எங்க போச்சுன்னு தெரியணும்."